பொம்மை வண்டி இழுத்த தேர்

உடைகிற சாமானை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த எனக்குத் தெரியாது. என் வீட்டில் தண்ணீர் வாளிகூட எவர்சில்வர்தான். அப்படிப்பட்டவள் ஆசைப்பட்டு ஒரு ரிமோட் வண்டி வாங்கினால், அதை மட்டும் பிளாஸ்டிக்காக விட்டுவைப்பேனா?

ஆமாம், ரிமோட் வண்டிதான். சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருக்கிற ஷாமளா, நாற்பதை நெருங்குகிற வயதில், தனக்காகவே வாங்கிக்கொண்ட வண்டி. "பிள்ளைக்கா?" என்று கடையில் கேட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

பார்ப்பதற்குக் குட்டி லோரி மாதிரி முழங்கை நீளத்தில் இருக்கும். வேகமாக ஓடுகிற ரகம் அல்ல. பாறை, வேர், சேறு என்று எதை எதிரில் வைத்தாலும் மெல்ல ஏறிவிடுகிற ரகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்போக் பக்கம் ஒரு மேட்டில் ஏழெட்டு ஆண்கள் கூடி இந்த வண்டிகளை ஓட்டுவார்கள். நானும் போய் நிற்பேன். போன முதல் மாதமே ஒரு வேரில் சக்கரம் மாட்டி, பின்பக்கத்து ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், "வீட்டுல சமையலுக்கு நேரமாகலையா?" என்று கேட்டார். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் கோபம். அன்றைக்கு அது நுனியைத் தாண்டிவிட்டது.

மறுநாளே பாக்கார் ஆராங்கில் ராமின் கடைக்குப் போனேன். ராம் கைப்பேசி பழுது பார்க்கிறவன். இந்த வண்டிகளுக்கான உலோகச் சாமான்களையும் வரவழைத்து விற்கிறான். பிளாஸ்டிக் ஷாஃப்டைக் கழற்றி எஃகில் ஒன்று போட்டேன். அடுத்த வாரம் ஷாஃப்ட் தாங்கியது, கியரில் பல் உதிர்ந்தது. கியரையும் எஃகாக்கினேன். கியர் தாங்கியது, ஆக்ஸல் கூடு பிளந்தது. அதை அலுமினியத்தில் மாற்றினேன். பிடிமானத்துக்காகச் சக்கரங்களுக்குள் பித்தளை வளையம் போட்டேன். வண்டியைத் தூக்கினால் மாவாட்டும் கல்லைத் தூக்குகிற மாதிரி கனத்தது.

"அக்கா, ஒன்ன இரும்பாக்கினா அடி அடுத்ததுக்குத்தான் போவும் லா," என்றான் ராம். "எங்கயாச்சும் ஒரு எடத்துல பிளாஸ்டிக் இருக்கட்டும். ஒடைஞ்சா அந்தச் சின்னச் சாமானோட போயிரும்."

"ஒடையிறதுக்குன்னே ஒன்ன வச்சிக்கணுமா? எந்த ஊரு நியாயம் இது?"

கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கறுப்பு டப்பா. ரிமோட் சொல்வதைக் கேட்டு வண்டிக்கு எடுத்துச் சொல்கிற மூளை அதற்குள்தான் இருந்தது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா. ராம் கையெடுத்துக் கும்பிட்டான். "அத மட்டும் விட்டுருங்கக்கா. அதுக்கு அடியே படாது. அது பாட்டுக்கு உள்ள ஒக்காந்திருக்கு." நான் விடவில்லை. வண்டி முழுக்கப் பளபளவென்று இருக்க, நடுவில் அது ஒன்று மட்டும் பல்லிளித்துக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அலுமினியத்தில் ஒரு பெட்டி வாங்கி, நாலு திருகாணி போட்டு முறுக்கினேன். அதற்குப் பிறகு மெர்போக் மேட்டில் யாரும் என்னிடம் சமையலைப் பற்றிப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் என் அக்கா வாசுகி போன் செய்தாள்.

வாசுகி அக்கா சுங்கை லாலாங் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்தில், மூன்றாவது டிவிஷனில் இருக்கிறாள். தோட்டத்தை ஒரு புதுக் கம்பெனி வாங்கியது. லயத்தில் வரிசையாக இருக்கிற தொழிலாளர் வீடுகளைக் காலி செய்தால் மாற்று வீடு தருவதாகச் சொன்னது. சொன்னதோடு சரி. பாதிப் பேர் நம்பிப் போனார்கள், இன்னமும் வாடகை வீட்டில் கிடக்கிறார்கள். அக்காவோடு சேர்ந்து எட்டுக் குடும்பங்கள், வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தால்தான் நகர்வோம் என்று உட்கார்ந்துவிட்டன. கம்பெனி தண்ணீரை நிறுத்திப் பார்த்தது. அவர்கள் கிணற்றைத் தூர்வாரிக்கொண்டார்கள். இப்போது டிவிஷனுக்குப் போகிற செம்மண் சாலையின் குறுக்கே ஒரு பாலாங்கைப் போட்டுவிட்டது.

பாலாங் என்பது ஏற்றி இறக்குகிற இரும்புக் கம்பம். ஒரு முனையில் சிமெண்டுக் கட்டி கனமாக இருக்கும். மறுமுனையைக் கயிற்றால் இழுத்துக் கொக்கியில் மாட்டிவைப்பார்கள். கயிற்றை அவிழ்த்தால் கம்பம் தானாக மேலே எழும்பும். பக்கத்தில் காவலுக்கு ஒரு ஜாகா. அங்கே குடியிருப்பவர்களின் மோட்டார் சைக்கிள் வந்தால் கயிற்றை அவிழ்ப்பார். மற்றவர்களுக்கு அவிழ்க்கமாட்டார்.

"தேரு வராதாம்டி," என்றாள் அக்கா. அழவில்லை. அக்கா அழுகிற ஆளில்லை, அதனாலேயே அந்தக் குரல் எனக்கு என்னவோ செய்தது. "ஆபீஸ்ல சுகுமாரன் சொல்லிட்டாரு. வெளி ஆளு, வெளி வண்டி ஒன்னும் உள்ள வரக்கூடாதாம். நாங்க தேர் விசயத்துல தலையிட்டா வீட்டு லிஸ்ட்ல பேரே இருக்காதாம்."

"நீ என்னா சொன்ன?"

"நான் சொல்றது இருக்கட்டும். இந்த வருசம் அம்மன் வரலன்னா மத்தவங்க நிக்க மாட்டாங்க ஷாமளா. அம்மனே வர்றதில்ல, நாம எதுக்கு இங்கன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. மருதம்மாள் சாமான் கட்ட அட்டைப்பெட்டி வாங்கி வச்சிட்டா. ஒரு வீடு கெளம்புனா எட்டும் கெளம்பிரும்."

எங்கள் மாரியம்மன் ஆடி மாதத் திருவிழாவில் மூன்று டிவிஷனுக்கும் போவாள். மூன்றாவது டிவிஷனில் லயத்துக்கு முன்னால் இருக்கிற வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்புவாள். கிளம்பிய தேர் பின்னால் நகரக்கூடாது. தேரில் ஏறிய அம்மனைக் கோயிலுக்குத் திரும்புமுன் இறக்கவும் கூடாது. ஆகவே யாராவது மடியில் வைத்து மோட்டாரில் கொண்டுபோய்க் காட்டுகிற கதையெல்லாம் நடக்காது. தோட்ட மேனேஜர் சுகுமாரனுக்கும் இது தெரியும். அவரும் நம் ஆள்தான், பீடோங்கில் பிறந்து வளர்ந்தவர். தெரிந்துதான் பாலாங்கைப் போட்டார். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கம்பெனிக்காரன்மேல் வந்ததைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயிலில் கூட்டம் போட்டார்கள். தலைவர் தர்மலிங்கம் அண்ணன் நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். "இந்த வருசம் தேரு கோயில மட்டும் சுத்தி வரட்டும். கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா கோயில் எடத்துக்கே ஆபத்து. அம்மன் கோச்சிக்க மாட்டா," என்றார்.

"அம்மன் கோச்சிக்க மாட்டாண்ணே. நான் கோச்சிக்குவேன்," என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கே அந்த யோசனை வந்தது. பாலாங்குக் கம்பம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பெரிய தேர் போகாது, ஆள் போகக்கூடாது, டிராக்டர் போகக்கூடாது. அதற்கு அடியில் நுழைகிற மாதிரி ஒரு சின்னத் தேர் போனால்? ஆளே இல்லாமல் போனால்?

சொன்னேன். ஒருவர் சிரிக்க ஆரம்பிக்க, கூட்டமே சிரித்தது. நான் உட்காரவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு அடங்கினதும் பூசாரி மட்டும் கேட்டார்: "தேர்ல அம்மன் படத்த வைக்கப் போறியா, அம்மனையே வைக்கப் போறியா?"

"படம்தான் சாமி. படம்னா கனமிருக்காது."

"படம் போனா படம் போனதாத்தான் கணக்கு. அம்மன் போகணும்னா அம்மன்தான் போகணும்." 

அவர் சொன்னது உற்சவ அம்மனை. பார்க்கச் சின்னவளாகத்தான் இருப்பாள், ஆனால் ஐம்பொன். இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அதற்கு மேல் தேர், அலங்காரம், மாலை, விளக்கு. கோயில் திடலில் சோதித்துப் பார்த்தோம். ராம் பலகையில் ஒரு சின்னத் தேரைச் செய்து, அடியில் பேரிங் வைத்த சக்கரம் போட்டு, அம்மன் கனத்துக்கு அரிசி மூட்டையை ஏற்றினான். முதலில் தன்னுடைய வண்டியைக் கட்டினான். கடையில் வாங்கியபடியே இருந்த வண்டி. ஒரு அடி நகர்ந்தது, உள்ளே கடகடவென்று சத்தம், கியரில் ஒரு பல்கூட மிச்சமில்லை. என் வண்டியைக் கட்டினோம். அது முனகிக்கொண்டே திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நான் ராமைப் பார்த்தேன். "சரிக்கா, சரிக்கா," என்றான். தர்மலிங்கம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செஞ்சிதான் பாப்போமே," என்றார்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மனைக் கோயிலிலேயே சின்னத் தேரில் ஏற்றி, கையால் இழுத்துக்கொண்டு மேளதாளத்தோடு பாலாங்குக்கு வந்து சேர்ந்து, கயிற்றை என் வண்டியில் கட்டினோம். கூட்டம் அதிகம். பொம்மை வண்டி தேர் இழுக்கிற கதை கைப்பேசியில் சுற்றி, பீடோங்கில் இருந்தும் சுங்கைப்பட்டாணியில் இருந்தும் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்த மெர்போக் ஆண்களும் வந்து ஓரமாக நின்றார்கள். பாலாங்குக்கு அந்தப் பக்கம் சாலை கொஞ்சம் ஏறி, நேராக லயத்துக்குப் போகிறது. எட்டு வீட்டு ஆட்களும் அவரவர் வாசல்படியில் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. வாசுகி அக்கா சிவப்புச் சேலையில் நின்றாள். யாரும் சாலைக்கு இறங்கவில்லை. பயம்.

சுகுமாரன் நாலு சக்கர வண்டியில் வந்து இறங்கினார். ஜாகா காளிதாசன் அவசரமாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"என்னா இது? நான் தெளிவா சொல்லிருக்கேன். வெளி ஆளு தாக் போலே. வெளி வண்டி தாக் போலே, கூடாதுன்னா கூடாது," என்றார் சுகுமாரன்.

"ஆளு யாரும் வரல சார்," என்றேன்.

"அப்ப இது? இது வண்டி இல்லையா?"

"வண்டியா? ரோட் டேக்ஸ் கட்டிருக்கா? நம்பர் பிளேட் இருக்கா? விளையாட்டுச் சாமான் சார். பொம்மைக்கெல்லாம் பாலாங் போட்டு மறிச்சான்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். பரவாயில்லன்னா மறிங்க."

கூட்டத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள். பத்துக் கைப்பேசிகள் சுகுமாரனின் முகத்துக்கு நேராக நீண்டன. அவர், "ஒரு ஆளு காலடி வச்சாலும் போலீஸ்தான்," என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்.

பூசாரி எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்தின் கீழ் வைத்தார். வண்டி அதை நசுக்கிக்கொண்டு ஏறியது. மேளம் கொட்டியது. அப்போது எங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு முன்னால் வந்தார்கள். அம்மனைச் சுமந்து வருகிற காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். மாடு இழுத்த காலத்தில் மாட்டின் காலுக்கு ஊற்றினார்கள். பிறகு டிராக்டர் டயருக்கு ஊற்றினோம். நானே எத்தனை வருடம் ஊற்றியிருக்கிறேன்! அந்த வழக்கம் எப்படி என் மண்டையில் ஏறாமல் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் "வேணாம், வேணாம்!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது? முழுக் குடம் ஒன்றன்பின் ஒன்றாக, வேப்பிலையோடு, என் வண்டியின் தலையில் இறங்கியது.

ராம் என் பக்கத்தில் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரப்பர் வளையம் வைத்த அந்தக் கறுப்பு டப்பா இருந்திருந்தால் குடமென்ன, குளத்தில் போட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. என் பளபளப்புப் பெட்டியோ நாலு பக்கமும் இடுக்கு.

வேறு வழியில்லை. ரிமோட்டில் விரலை வைத்தேன். வண்டி கிளம்பியது. கயிறு இறுகியது. தேர் அசைந்தது. கூட்டம் "ஓம் சக்தி" என்று கத்தியது. தேர்க் கலசம் கம்பத்துக்கு ஒரு விரல் இடைவெளியில் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. அம்மன் கம்பத்துக்குக் கீழே குனிந்து போகிற மாதிரி இருந்தது. எங்கள் அம்மன் எதற்காக ஒரு கம்பிக்குக் கீழே குனிந்து போக வேண்டும்?

வண்டி மேட்டில் ஏறியது. ஒரு கியர் சத்தம் போடவில்லை, ஒரு ஷாஃப்ட் முறுக்கவில்லை. மெர்போக் ஆள் ஒருவர், "அடேயப்பா," என்றார். மேடு முடிந்து சமதளம் வந்ததும் வண்டியின் தலை இடப்பக்கம் வெட்டியது. நான் திருப்பினேன். திரும்பவில்லை. ஒரு தடவை குலுங்கியது, நின்றது. ரிமோட்டை அழுத்தினேன், தட்டினேன், வாய்விட்டுத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. எஃகும் பித்தளையும் அலுமினியமும் முழுசாக நடுரோட்டில் நின்றன. மூளை செத்துவிட்டது.

மேளம் நின்றது. பாலாங்குக்கும் லயத்துக்கும் நடுவில் அம்மன் தனியாக வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கே அக்கா படியிறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வாசலில் மருதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வந்த அம்மனும் பாதியில் நின்றுவிட்டாள் என்றால், வராமலே இருந்திருப்பது மேல்.

சுகுமாரன் கை தட்டாத குறை. "முடிஞ்சிச்சா? சரி, போதும். காளி, போய் அதத் தூக்கிட்டு வந்து வெளிய வை."

காளிதாசன் பாலாங்கைப் பார்த்தார், தேரைப் பார்த்தார். "சார், அது அம்மன்."

"தெரியும் லா. தூக்கு."

"தேர்ல ஏறின அம்மன எறக்கக் கூடாது சார். பின்னாலயும் இழுக்கக் கூடாது. எனக்கு வீட்டுல ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. நான் தொட மாட்டேன்."

"அப்ப நானே..." என்று சுகுமாரன் இரண்டு எட்டு வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். அவரும் தைப்பூசத்துக்கு முடி இறக்குகிறவர்தான். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "நீங்க யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போங்க. நான் பர்மிஷன் தர்றேன்," என்றார்.

எனக்கு அதுவரை இல்லாத தெம்பு வந்தது. "நாங்க வெளி ஆளு சார். தாக் போலே. நீங்கதான சொன்னீங்க?"

"ஏய், கேலி பண்றியா? லோரி வந்து போற ரோடு இது!"

"நான் எங்க மறிச்சேன்? மறிச்சி ஒக்காந்திருக்கிறது அம்மன். அவள்ட்ட பேசுங்க."

தர்மலிங்கம் அண்ணன், கேஸு கீஸு என்று பயந்த அதே அண்ணன், சாலை ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "அம்மன் எந்திரிக்கிற வரைக்கும் நாங்களும் இருக்கோம்," என்றார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

நான் உட்காரவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, என் அக்காவைப் பார்த்து, அடிவயிற்றில் இருந்து கத்தினேன்: "அக்கா! அது உங்க ரோடுதானேக்கா!"

அவள் உடனே வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சாலையில் இறங்கினால் வீட்டுப் பட்டியலில் பெயர் போகும். மூன்று வருடம் குழாய்த் தண்ணீர் இல்லாமல், விளக்கு விட்டு விட்டு எரிய, அந்தப் பட்டியலுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவள். கத்துவது எனக்குச் சுலபம்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். படியிறங்கினாள். செம்மண் சாலையில் நடுவாக நடந்து தேருக்கு வந்து விழுந்து கும்பிட்டாள். எழுந்து, வண்டியில் கட்டியிருந்த கயிற்றைக் கையில் எடுத்தாள். அவளால் அதைத் தனியாகவே இழுத்திருக்க முடியும். இழுக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடுகளைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாள்.

முதலில் வந்தது மருதம்மாள். அட்டைப்பெட்டி வாங்கி வைத்த அதே மருதம்மாள், தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடி வந்தாள். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்தது. எட்டு வீடும் சாலைக்கு வந்துவிட்டது. சுகுமாரன், "பேரெல்லாம் எழுதிக்கிறேன்!" என்று கத்தினார். "நல்லா எழுதுங்க, எட்டு வீடும் இருக்குன்னு எழுதுங்க!" என்று அங்கிருந்து மருதம்மாள் திருப்பிக் கத்தினாள்.

செத்துப்போன என் வண்டியை முன்னால் போட்டபடியே தேரை இழுத்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து இடுப்பளவுகூட இல்லாத தேரை இழுப்பதைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்த மேளக்காரர்கள் எழுந்து, பாலாங்குக்கு இந்தப் பக்கம் இருந்தே கொட்டினார்கள். அம்மன் ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் எரிந்தது. வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு, முகம் எங்களைப் பார்க்க, அம்மன் திரும்பி வந்தாள். நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். ராம் பார்க்காத மாதிரி நின்றான்.

பாலாங்குக்கு முன்னால் தேர் நின்றது. காளிதாசன், "வந்த மாதிரியே குனிஞ்சு வந்துருங்கக்கா," என்றார் மெதுவாக.

"உள்ள வரும்போது அம்மன் குனிஞ்சு வந்தா தம்பி. இப்ப நாங்க கூட வர்றோம்," என்றாள் வாசுகி அக்கா. "நாங்க இங்க குடியிருக்கிறவங்க. மோட்டர்ல வந்தா தூக்குற இல்ல? தூக்கு."

அதில் தப்பு ஒன்றும் இல்லை. கம்பெனி போட்ட சட்டமே அதுதான். காளிதாசன் சுகுமாரனைப் பார்க்காமல் கொக்கியில் இருந்து கயிற்றை அவிழ்த்தார். சிமெண்டுக் கட்டி இறங்கியது, கம்பம் வானத்தைப் பார்க்க எழுந்தது. தேர் உருண்டு வந்தது. சரியாகக் கம்பத்துக்கு நேர் கீழே வந்ததும் அக்கா நின்றாள். கயிற்றைக் கீழே போட்டாள்.

"அப்பாடா. கை வலிக்குது," என்றாள்.

"ஏய் வாசுகி, என்னா நிக்கிற? தேர நகத்து!" என்றார் சுகுமாரன்.

"கனக்குது சார். எட்டு வீட்டு ஆளு பத்தாது." அந்தச் சின்னத் தேரைக் காட்டி அவள் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. "கூழு காய்ச்சி வச்சிருக்கோம், ஆறிப் போவுது. ஏய் ஷாமளா, எல்லாரையும் உள்ள கூட்டிட்டு வாடி. சாப்பிட்டுட்டு வந்து தெம்பா இழுப்போம்."

"காளி! எறக்கு! கம்பத்த எறக்கு!"

காளிதாசன் மேலே கம்பத்தைப் பார்த்தார். கீழே அம்மனைப் பார்த்தார். கையில் இருந்த கயிற்றைக் கொண்டுபோய் சுகுமாரனின் கையில் வைத்தார்.

"நீங்களே எறக்குங்க சார்."

சுகுமாரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுத்தால் கம்பம் அம்மன் தலைக்கு நேராக இறங்கும், ஒரு விரல் தவறினால் கலசம் நொறுங்கும். விட்டால் பாலாங் திறந்தே கிடக்கும். வடம் பிடிக்க வந்தவர் மாதிரி அப்படியே நின்றார். தர்மலிங்கம் அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். நான் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தேருக்குப் பக்கவாட்டில், முதல் ஆளாக, உள்ளே காலை வைத்தேன். எனக்குப் பின்னால் மேளக்காரர்கள், குடம் தூக்கிய பெண்கள், மெர்போக் ஆண்கள், கைப்பேசிக்காரர்கள் என்று மொத்தக் கூட்டமும் வந்தது.

"எப்பதான் எல்லாரும் வெளிய போவீங்க?" என்று சுகுமாரன் கேட்டார். குரல் உடைந்திருந்தது.

"வெளிய போற பேச்சே இல்ல சார்," என்றாள் அக்கா. "பசிச்சா நீங்களும் வாங்க."

லயத்து வாசலில் வரிசையாக உட்கார்ந்தோம். அக்கா எனக்குக் கூழ் ஊற்றினாள். நான் இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.